அக்கா ஏறினால் படுத்துக்கொள்ளும் வண்டி

“மறுபடியும் படுத்துடுச்சுடா.”

லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக் ஸ்பேனர், நெஞ்சின்மேல் வைத்திருந்த போனைப் பார்க்காமலே கண்ணை மூடிக்கொண்டான். கியர் எண்ணெய் ஒரு சொட்டு நெற்றியில் விழுந்து காதுப்பக்கமாக இறங்கியது. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. இன்றைக்குப் புதன்கிழமைதான் ஆகிறது.

“எங்க மாமா?”

“பாலத்து ஏத்தத்துல. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், கல்லு மாதிரி கெடக்கு. லைட்டு எரியுது, ஏசி வருது, பாட்டுகூடப் பாடுது. இழுவை மட்டும் இல்ல.”

“அக்கா கூட இருக்காளா?”

“இருக்கா. ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருக்கா. அவ திட்டினாலாவது தைரியமா இருக்கும்.”

பின்னாலிருந்து யாரோ விடாமல் ஹாரன் அமுக்குவது போனில் கேட்டது. “பெருசு! தள்ளுவண்டியை வீட்டுல வெச்சுட்டு வரக்கூடாதா?” என்று ஒரு குரல். மாமா திருப்பிக் கத்தவில்லை. அதுதான் ஸ்பேனருக்குச் சுருக்கென்றது. ஒரு காலத்தில் மாமாவின் லாரிக்குப் பின்னால் எவனாவது இப்படி ஹாரன் அடித்திருந்தால், அடுத்த ஊர் தாண்டும்வரை அவன் முன்னால் போயிருக்க முடியாது.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, கார் ஓரமாக நின்று சாதுவாக உறுமிக்கொண்டிருந்தது. மாமா அசடு வழிய நின்றார்.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னா உன் அக்கா. பண்ணினேன். எடுத்துக்கிச்சு.”

“அப்ப எதுக்கு என்னை வரச் சொன்னீங்க?”

“நீ கிளம்பிட்டேன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுபோல.”

ஸ்பேனர் ஏறி உட்கார்ந்து மிதித்தான். வண்டி பாலத்தில் பாய்ந்து ஏறியது. திரும்பி வந்தான். மறுபடி ஏறினான். அக்கா முன் இருக்கையில் இருந்தபடியே, “விட்டுடுடா. இதை வித்துடலாம்” என்றாள். வெந்நீரிலும் சலவைச் சோடாவிலும் வெடித்துப்போன அவள் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

“ஆமா, வித்துட்டு உன் துணி மூட்டையை நான் தலையில சுமக்குறேன்” என்றார் மாமா. “பதினாலு வயசுல சுமந்தவன்தானே.”

அது உண்மை. பதினாலு வயதில் கிட்டங்கியில் மூட்டை சுமக்கப் போனவர் அவர். பிறகு லாரியில் கிளீனர், பிறகு முப்பது வருடம் டிரைவர். பட்டப்பெயர் இன்றைக்கும் ‘லோடு’. அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபோது ஸ்பேனருக்கு வயது ஆறு. கல்யாணமாகிப் போன அக்கா தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். மாமா ஒரு கேள்வி கேட்கவில்லை. தனக்கென்று பிள்ளை பிறக்காதது பற்றியும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஸ்பேனருக்கு முதல் ஸ்பேனர் வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

லாரி கம்பெனி மூடிய பிறகு, அக்காவின் சலவைத் தொழில்தான் வீட்டைத் தூக்கி நிறுத்தியது. நாலு தங்கும் விடுதிகளின் விரிப்பு, உறை, துண்டு எல்லாம் அவள் வெளுத்துத் தேய்த்துக் கொடுப்பாள். மாமா கொண்டுபோய்ப் போடுவார். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் என்று யாரோ சொல்லி, ஏற்கெனவே ரெண்டு கை மாறிய இந்த ஹைபிரிட் காரை வாங்கினார். பாதி பெட்ரோல், பாதி பேட்டரி. ‘பெட்ரோலா கரன்டான்னு தெரியாத வண்டி’ என்று முதல் நாளே முகம் சுளித்தவர், ரெண்டு மாதத்தில் அதைத் தடவிக் கொடுத்துத் தூங்க வைக்கும் அளவுக்கு வந்துவிட்டார். வீட்டில் இஸ்திரிப் பெட்டியே கதி என்று கிடந்த அக்காவும் போன மழைக்காலத்திலிருந்து கூடவே கிளம்பிவிடுகிறாள். வெக்கை ஒத்துக்கொள்ளவில்லையாம், வெளிக்காற்று வேண்டுமாம்.

ஸ்பேனர் டீசல் லாரியில் கை பழகினவன். கறுப்புப் புகை விட்டால் ஒரு வியாதி, வெள்ளைப் புகை விட்டால் ஒரு வியாதி. இந்தக் கார் புகையே விடுவதில்லை. அதட்டிக் கேட்டாலும் வாயைத் திறக்காத பிள்ளை மாதிரி நின்றது.

முதலில் சின்ன பேட்டரியில் கை வைத்தான். முனையில் பச்சை பூத்திருந்தது. சுரண்டி, துடைத்து, இறுக்கி, “இதான் மாமா. கரன்ட் விட்டு விட்டு வந்திருக்கு” என்றான்.

“அவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்தேன்.”

பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் வண்டிக்குத் தன் ஞாபகம் மொத்தமும் போய்விட்டது என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. கடிகாரம் நள்ளிரவு பன்னிரண்டு காட்டியது. கண்ணாடி பாதியில் நின்றது. முதல் விடுதி வாசலில் மாமாவும் அக்காவும் அந்த விடுதி மூட்டையோடு இறங்கிய நிமிடம், சாவியை உள்ளே வைத்துக்கொண்டு, நாலு கதவையும் அது தானாகவே பூட்டிக்கொண்டது. உள்ளே மூன்று விடுதித் துணி.

“எங்க விருந்தாளி பதினோரு பேர் குளிச்சிட்டு நிக்கிறாங்க” என்று இரண்டாவது விடுதியின் மேனேஜர் போனில் அலறினார். “துண்டு எங்கே?”

“கண்ணுக்கு முன்னாலதான் இருக்கு சார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம்” என்றார் மாமா.

ஸ்பேனர் போய்க் கதவைத் திறப்பதற்குள் பதினோரு பேரும் காய்ந்துவிட்டார்கள். அந்த விடுதி வேறு சலவைக்காரரைப் பார்த்துக்கொண்டது. மறுநாள் சந்தைத் தெருவில், கால்வாசி குறைந்துபோன மூட்டையோடு, வண்டி மறுபடி இழுவை விட்டது.

இரண்டாவதாகப் பெரிய பேட்டரி. அதைக் குளிர வைக்க ஒரு மின்விசிறி உண்டு. அதன் சல்லடை பின்சீட்டு ஓரத்தில் இருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, சீட்டைப் பிரித்தான். உள்ளே கையை விட்டு இழுத்தால், ஒரு முழு முயல் வருகிற மாதிரி பஞ்சு வந்தது. துண்டிலிருந்தும் விரிப்பிலிருந்தும் உதிர்ந்த இழை எல்லாம் இரண்டு வருடமாக அங்கேதான் குடியேறியிருந்தது.

“அக்கா! உன் தலையணையெல்லாம் இங்க இருக்கு பாரு!”

மாமா அதைக் கையில் வாங்கி, ஏதோ அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “இவ்வளவையும் வயித்துல வெச்சுக்கிட்டா ஓடிட்டிருந்த? பாவம்டா.” கண் கலங்கிவிட்டது. வண்டியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று அதன் கூரையைத் தட்டிக் கொடுத்தார்.

அக்கா மட்டும் அந்தப் பஞ்சைப் பார்க்கவே இல்லை. மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே ஓடலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்” என்றான் ஸ்பேனர்.

நாலாம் நாள் அவன் பேரை மாற்றிக்கொள்ள வேண்டிய நிலைமை. அதோடு, சீட்டைத் திரும்ப மாட்டும்போது உடைந்த ரெண்டு கொக்கியால், வண்டி இப்போது ஓடும்போதெல்லாம் பின்னால் யாரோ பல்லைக் கடிப்பதுபோல் சத்தம் போட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் தலைமை ஆசிரியை வந்தார்.

மாமா துணி போடும் ஒரு விடுதிக்கு எதிரில் சின்னப் பள்ளிக்கூடம். ஊரின் அந்தக் கோடியிலிருந்து வரும் ஆறு சின்னப் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மாமா மூட்டையோடு மூட்டையாக, வாசலில் விழுந்த ஒரு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய் விட்டதை ஆசிரியை ஒருநாள் ஜன்னலில் பார்த்திருக்கிறார்.

“காலையும் சாயங்காலமும் ஓட்டுறீங்களா?” என்று கேட்டார். “ஒண்ணு சொல்லிடுறேன். வண்டி நடுவழியில நிக்கக் கூடாது. பெத்தவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும். வண்டி சரியா இருக்குன்னு மெக்கானிக் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வேணும். அடுத்த மாசம் முதல் திங்கள்ல ஆரம்பிக்கலாம்.”

அன்று சாயங்காலம் பட்டறைக்கு வந்த மாமா, எண்ணெய்க் கறை படிந்த பெஞ்சில் உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“ஆறு பிள்ளைங்கடா. ஒவ்வொண்ணும் இவ்வளவு உசரம்.” கையால் காட்டினார். “ஒருத்தி என்னை ‘பெரிய மாமா’ன்னு கூப்பிட்டா. யாரும் சொல்லிக் கொடுக்கல. அவளாவே.”

“கடிதம்தானே மாமா, நான் கொடுக்கிறேன்.”

“பொய்க் கடிதம் வேணாம். வண்டியைச் சரி பண்ணிக் கொடு. துணி மூட்டை நடுவழியில கெடந்தா துவைச்சுக்கலாம். இது வேற லோடு.”

இருபத்தைந்து வருடமாக எதுவும் கேட்காத மனிதர் கேட்ட முதல் காரியம். தெரிந்த எல்லாரையும் கேட்டு, ஹைபிரிட் வண்டி மட்டுமே பார்க்கும் ஒருவரைப் பிடித்தான். அவரை எல்லாரும் லேப்டாப் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. ஸ்பேனருக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

லேப்டாப் வயரைச் செருகி, காபி குடித்துக்கொண்டே திரையைப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லையே.”

“என்ன ஒண்ணும் இல்ல?”

“கோளாறே இல்ல. பேட்டரி நல்லா இருக்கு. மோட்டார் நல்லா இருக்கு. ஒரு தப்புக்கூடப் பதிவாகல. பன்னெண்டு தடவை நின்னுச்சுன்னு நீங்க சொல்றீங்க. நான் நிக்கவே இல்லைன்னு வண்டி சொல்லுது.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?” என்று மாமா எழுந்தார். ஆறடி உருவம் எழுந்ததும் லேப்டாப் காபியை அவசரமாகக் கீழே வைத்தார்.

“அப்படிச் சொல்லலைங்க… ஓட்டிப் பார்த்துடலாம்.”

ஓட்டினார்கள். லேப்டாப் ஓட்டினார், நிற்கவில்லை. ஸ்பேனர் மூன்று நாள் அக்காவை வீட்டில் விட்டுவிட்டு மாமாவோடு விடுதி விடுதியாகப் போனான். மாமா ஓட்டினார், நிற்கவில்லை. ஒரே ஒரு தடவை திரும்ப வேண்டிய சந்தில் திரும்பாமல் நேராகப் போய்விட்டார். “மாமா, சந்து!” என்று இரண்டாம் தடவை கத்தியபோது, “உன்கிட்ட வாயைக் கொடுத்தா வழி மறந்துபோகுது” என்று திருப்பிக்கொண்டு வந்தார். ஸ்பேனர் அதற்கு முன்னால் வாயே திறந்திருக்கவில்லை. ஆனால், அவன் காது முழுக்க இஞ்சினில் இருந்தது.

நாலாம் நாள் அவன் பட்டறையில் இருந்துகொண்டான். அக்கா ஏறினாள். பத்தாவது நிமிடம் போன் வந்தது.

“உன்னைப் பார்த்தாதான்டா பயப்படுது” என்றார் மாமா. அன்றிலிருந்து ஸ்பேனரின் எண்ணெய்ச் சட்டை ஒன்றை வாங்கிப் பின்சீட்டில் மாட்டி வைத்தார். “மெக்கானிக் பின்னாலயே இருக்கான்னு நெனச்சு ஓடட்டும்.” விடுதியின் வெள்ளை விரிப்புகளில் மூன்றில் கறுப்பாகச் சட்டைக் கை பதிந்தது. வண்டியோ சட்டைக்கெல்லாம் மசியவில்லை.

அடுத்தது கியர் குமிழ். அந்த வண்டியில் கியர் என்பது கட்டைவிரல் பருமனில் ஒரு குமிழ்தான். லேசாகத் தள்ளினால் போதும், வேலை முடிந்ததும் அது பழைய இடத்துக்கே வந்து நின்றுகொள்ளும். “எந்த கியர்ல இருக்கோம்னு கைக்குத் தெரிய வேணாமா?” என்று மாமா ஆரம்பத்திலிருந்தே அதோடு சண்டை. பழைய சாமான் கடையில் வேறு ஒன்று தேடி மாட்டினான் ஸ்பேனர். அது வேறு நிறம், கொஞ்சம் பெரிசு, முன்னைவிட லேசாக நகர்ந்தது.

மாட்டின மறுநாள், நாலு சாலை சேரும் இடத்தில், பச்சை விளக்கில், வண்டி இழுவை விட்டது. பஸ்ஸும் லாரியும் நாலு பக்கமும் கத்தின. போக்குவரத்துக் காவலர் வந்து கண்ணாடியைத் தட்டி, “ஓட்டத் தெரியுமா, தெரியாதா?” என்று கேட்டார்.

முப்பது வருடம் நாற்பது டன்னை மலையில் ஏற்றி இறக்கியவர், “தெரியாதுங்க” என்றார்.

அக்கா பிறகு இதை ஸ்பேனரிடம் சொன்னபோது அவள் குரலே உடைந்துவிட்டது. “தெரியாதுங்கன்னு சொன்னாருடா. அந்த வார்த்தை அவர் வாயில வந்துச்சு. இப்பவாவது நான் சொல்றதைக் கேளு, வித்துடுங்க. நீ சொன்னா கேப்பாரு. பாழாப்போன வண்டி, ராசியில்லாத வண்டின்னு சொல்லு. என்னத்தையாவது சொல்லு.”

“அக்கா, பிள்ளைங்களை ஏத்தணும்னு அவர் ஆசையா இருக்காரு. நீ என்னடான்னா…”

“அதனாலதான் சொல்றேன்.”

“உனக்கு அவர் சந்தோஷமா இருந்தா பொறுக்காதா?”

அக்கா இஸ்திரிப் பெட்டியை எடுத்து, ஏற்கெனவே தேய்த்து மடித்திருந்த உறையை மறுபடி பிரித்துத் தேய்த்தாள்.

ஸ்பேனர் நோட்டுப் புத்தகம் போட்டான். நின்ற தேதி, இடம், ஏற்றமா இறக்கமா, வெயிலா மழையா, எத்தனை மூட்டை. பதினாறு தடவை. ஏற்றத்திலும் நின்றிருக்கிறது, சமதரையிலும் நின்றிருக்கிறது. மழையிலும், வெயிலிலும். லேப்டாப்பும் அவனும் அதை ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தார்கள். கடைசியில் லேப்டாப் மெதுவாகக் கேட்டார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க. பதினாறு தடவையும் உங்க அக்கா வண்டியில இருந்திருக்காங்க.”

“ஆமா.”

“அவங்க இல்லாதப்ப ஒரு தடவைகூட இல்ல.”

“ஆமா… அதுக்கு?”

“முன்சீட்டுக்கு அடியில வயர் போகுது. ஆள் உக்கார்ற எடையில அது எங்கயாவது நசுங்கலாம்.”

மாமா இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. “நான் இருபத்தஞ்சு வருஷமா இதைத்தான்டா சொல்றேன்! அவ ஏறினா நானே படுத்துக்குவேன், வண்டி எம்மாத்திரம்!”

“சிரிங்க” என்றாள் அக்கா. “நல்லா சிரிங்க.”

“கோவிச்சுக்காத. நாளைக்கு நீ பின்னாடி உக்காந்துக்கோ. மகாராணி மாதிரி.”

“பின்னாடி வேணாம்.”

“ஏன்?”

“எனக்கு வாந்தி வரும்.”

“கவர் தர்றேன்” என்றான் ஸ்பேனர்.

அக்கா எவ்வளவோ மன்றாடினாள். முன்சீட்டைத் தவிர வேறெங்கும் உட்கார மாட்டேன் என்று கைப்பிள்ளை மாதிரி அடம் பிடித்தாள். ரெண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்பேனர் முன்சீட்டையே கழற்றிப் பட்டறையில் வைத்துக்கொண்டான். காலியான இடத்தில் மூட்டையை ஏற்றினார்கள்.

மறுநாள் காலை வண்டி இழுவை விடவில்லை. சலவைத் தெருவைத் தாண்டி, மருந்துக் கடை தாண்டி, வளைவு வந்த இடத்தில் வளையாமல் நேராகப் போய், வரிசையாக இருந்த ஐந்து குப்பைத் தொட்டிகளை உருட்டி, ரொட்டிக் கடைச் சுவரில் முட்டி நின்றது. நல்லவேளை, கடையின் முன்பக்கம் யாரும் இல்லை. துணி மூட்டைகள் சரிந்து அக்காவை மூடியிருந்தன. தோண்டி எடுத்தபோது நெற்றியில் ரத்தம்.

“பிரேக் பிடிக்கலடா” என்றார் மாமா. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. “வளைவு எப்ப வந்துச்சுன்னே தெரியல. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள சுவரு. தானா எகிறிடுச்சு.”

“இழுவை?”

“இழுவை பிரமாதம்.”

ஸ்பேனரோடு வந்திருந்த லேப்டாப் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். ஸ்பேனருக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் நெற்றியில் நாலு தையல். அவள் மருத்துவமனைப் பெஞ்சில் உட்கார்ந்து, மாமாவின் கையைப் பிடித்து, விரல் விரலாகத் தடவிக்கொண்டிருந்தாள். அடிபட்டது அவருக்குத்தான் என்பதுபோல.

“டாக்டர் இருக்காரு. நீங்களும் ஒரு தடவை காட்டிக்கோங்களேன்” என்றாள்.

“எனக்கு என்ன? ஒரு கீறல் இல்ல.”

“சும்மா, தலையை…”

“என் தலைக்கு என்னடி? போன வருஷம் இதே பேச்சு எடுத்தே. நான் சாப்பிடாம ரெண்டு நாள் கெடந்தேன், ஞாபகம் இருக்கா? டிரைவருக்குத் தலை சரியில்லைன்னு ஒரு வார்த்தை வெளிய போனா, நாளைக்கு எவன் சாவியைக் கையில கொடுப்பான்?” என்று பொரிந்தவர், தையல் போட்ட நெற்றியைப் பார்த்ததும் அடங்கி, “வலிக்குதா?” என்றார்.

ஸ்பேனர் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். புருஷன் பெண்டாட்டி பேச்சில் நிற்கக் கூடாது என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம்.

பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான். அவன் மற்ற லாரிகளை எல்லாம் ஓரம் கட்டினான். முன்பக்கத்தை நிமிர்த்தினான். பிரேக்கை முழுக்கப் புதிதாகப் போட்டான். மிதியில் சிக்கியிருக்கும் என்று கால்மிதியைத் தூக்கி எறிந்தான். பின்சீட்டின் பல்லைக்கூட ஒரு வழியாகக் கட்டினான். கழற்றிய முன்சீட்டை, அடியில் வயரையெல்லாம் புதிதாக ஓட்டி, திரும்ப மாட்டினான். அப்புறம் இரவில்லை பகலில்லை என்று தானே ஓட்டிப் பார்த்தான். ஏற்றம், இறக்கம், பாலம், நாலு சாலை சந்திப்பு. நூறு, இருநூறு, நானூறு கிலோமீட்டர். ஒரு தடவைகூட இழுவை விடவில்லை. ஒரு தடவைகூட பிரேக் ஏமாற்றவில்லை.

“ஜெயிச்சுட்டோம் மாமா” என்றான் சனிக்கிழமை.

மாமா பதில் சொல்லவில்லை. கையில் டீ டம்ளரோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா!”

“ம்? ஆங். ஜெயிச்சுட்டோம்.” டீ சட்டையில் கொட்டியிருந்தது. “பாரு, சந்தோஷத்துல கைகூட நடுங்குது.”

அன்று முழுக்க உட்கார்ந்து வண்டியைக் கழுவினார். பழைய விரிப்பை வெட்டி, மூட்டை தைக்கும் கோணி ஊசியால் தானே ஆறு சின்ன மெத்தை தைத்திருந்தார். தையல் கோணல் மாணலாக ஓடியது. எந்தப் பிள்ளை எங்கே உட்கார வேண்டும் என்று மெத்தையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பின்னால் நாலு, முன்னால் ரெண்டு என்று முடிவு செய்தார். அந்த ‘பெரிய மாமா’ சொன்ன பெண் முன்னால்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்பேனர் பட்டறையைப் பாதி சாத்திவிட்டு, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, வெள்ளைத் தாளில் கடிதம் எழுதினான். ‘மேற்படி வாகனத்தை நான் நேரில் சோதித்ததில் எந்தக் கோளாறும் இல்லை என்றும், பிள்ளைகளை ஏற்றிச் செல்ல முழுத் தகுதியுடையது என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.’ வாழ்க்கையில் அவன் எழுதிய மிக நீளமான வாக்கியம். ரெண்டு தடவை வாசித்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

அக்கா நடந்தே வந்திருந்தாள். நெற்றிப் பிளாஸ்திரியின் ஓரம் வியர்வையில் கிளம்பியிருந்தது.

“சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே. உக்காரு.”

அவள் உட்காரவில்லை. “அவர் தூங்குறாரு. அதான் வந்தேன்.” வண்டியைப் பார்த்தாள். ஆறு மெத்தையையும் பார்த்தாள். “எல்லாம் சரியாயிடுச்சா?”

“நூத்துக்கு நூறு. நாளைக்குக் காலையில பாரு உன் புருஷனை.”

“நாளைக்கு நானும் கூட ஏறிக்கிறேன்டா.”

“எங்க ஏறுவே? ஆறு பிள்ளைங்க, ஆறு பை. ஊசி குத்த இடமில்ல.”

“முன்னாடி அந்த ஒரு பிள்ளையை மடியில வெச்சுக்கிறேன்.”

“டிரைவரைத் தவிர பெரியவங்க யாரும் கூடாதுன்னு டீச்சர் கண்டிப்பா சொல்லிட்டாங்க.” அவன் சிரித்தான். “அதோட நீ ஏறினா அது படுத்துக்கும். அதுதான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே.”

அக்கா வண்டிக்குப் பக்கத்தில் போனாள். கண்ணாடி வழியாக முன்சீட்டில் இருந்த கோணல் மெத்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அப்ப இதைக் கெடுத்து விட்டுடு” என்றாள்.

“என்னது?”

“ஓடாம பண்ணிடுடா. இன்னிக்கே. இனிமே எந்த மெக்கானிக்கும் சரி பண்ண முடியாதபடி.”

“உனக்கு என்னக்கா ஆச்சு? ராத்திரி பகலா உழைச்சிருக்கேன். பதினாறு தடவை நின்ன வண்டி. அதுக்கு என்ன கோளாறுன்னே தெரியாம, ஒவ்வொண்ணாப் பிரிச்சு, ஒவ்வொண்ணா மாத்தி…”

அவள் திரும்பினாள். அவன் கையில் மை காயாமல் இருந்த கடிதத்தை மெதுவாக வாங்கி, வாசிக்காமலே நாலாக மடித்தாள்.

“வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லடா, கண்ணு திறந்தபடியே உன் மாமா நெனவு தப்பி மிதிச்சுக்கிட்டே இருக்கிறப்பெல்லாம், பக்கத்துல உக்காந்து நான்தான் அந்தக் குமிழை நியூட்ரல்ல தள்ளி விட்டுக்கிட்டிருந்தேன்.”